பிரிண்டர் மாட்டியிருந்தால் ஆன் ஆகாத கம்ப்யூட்டர்: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

சிவகங்கை மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் வீடு. கம்ப்யூட்டர் 2012-இல் உதிரிபாகம் வாங்கிச் சேர்த்தது: எச்61 சிப்செட் மதர்போர்டு, மூன்றாம் தலைமுறை ஐ3, 8 ஜிபி ராம். பிற்பாடு ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு 240 ஜிபி எஸ்.எஸ்.டி. போட்டிருக்கிறார்கள். விண்டோஸ் 10, பழைய லெகசி முறையில் (டிஸ்க்கின் முதல் துண்டைப் படித்து எழும் முறை) நிறுவப்பட்டது. பிரிண்டர், ஸ்கேனர், காப்பியர் மூன்றும் சேர்ந்த ஆல்-இன்-ஒன். முன்பக்கத்தில் மெமரி கார்டு சொருகும் இடம் உண்டு. ஊர்க்காரர்களுக்கு விண்ணப்பம் நிரப்புவது, சான்றிதழ் ஸ்கேன் செய்வது, பாஸ்போர்ட் அளவுப் படம் எடுத்துக் கொடுப்பது என்று தினமும் புழங்கும் மேஜை அது.

இரண்டும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில்தான் ஓடின. இரவு படுக்கப் போகுமுன் அந்த பாக்ஸின் சுவிட்சை அணைத்துவிடுவது வீட்டு வழக்கம். பிரிண்டரை அதன் பட்டனில் அணைப்பதில்லை. மறுநாள் சுவிட்சைப் போட்டதும் தானாக உயிர் பெறும் வகை அந்த பிரிண்டர்.

வீட்டார் சொன்னது

காலையில் பவர் பட்டனை அழுத்தினால் ஃபேன் சுற்றுகிறது, போர்டு கம்பெனியின் லோகோ வருகிறது, பிறகு கறுப்புத் திரை. எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் அதோடு சரி. பின்பக்கம் பிரிண்டரின் யூ.எஸ்.பி. ஒயரைப் பிடுங்கிவிட்டு மறுபடி அழுத்தினால் நல்ல பிள்ளையாக எழுகிறது. விண்டோஸ் வந்த பிறகு ஒயரை மாட்டினால் பிரிண்டும் வருகிறது. சில நாள் பிடுங்காமலேயே எழுந்துவிடுகிறது. எந்த நாள், ஏன் என்று யாருக்கும் பிடிபடவில்லை.

எங்கள் கைக்கு வருமுன் இரண்டு பேர் பார்த்திருந்தார்கள். முதலாமவர் வீட்டுக்கே வந்து பயாஸில் (விண்டோஸுக்கு முன்பே ஓடி, கணினியை எழுப்பும் மதர்போர்டு நிரல்) ஏதோ மாற்றினார். அன்று மாலை முழுக்கச் சரியாக ஓடியது. மறுநாள் காலை பழையபடி நின்றதும், விண்டோஸ் கெட்டுவிட்டது என்று ஃபார்மேட் செய்து புதிதாகப் போட்டார். அதுவும் ஒரு நாள்தான். இரண்டாவது ஒரு கடை. கேபினெட்டை மட்டும் தூக்கிப்போய் இரண்டு நாள் வைத்திருந்தார்கள். அங்கே ஒருமுறைகூட நிற்கவில்லை. பிரிண்டர் வீட்டில் இருக்கும்போது கடையில் எப்படி நிற்கும்? ஆனாலும் எஸ்.எம்.பி.எஸ். (கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டி) மாற்றப்பட்டது, அடுத்தது மதர்போர்டுதான் என்றும் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

எந்தக் கட்டத்தில் நிற்கிறது

'ஆன் ஆகவில்லை' என்ற ஒரே புகாருக்குள் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத மூன்று கோளாறுகள் ஒளிந்திருக்கலாம். ஃபேன்கூடச் சுற்றவில்லை, அல்லது சுற்றியும் பீப் ஒலியோ டிஸ்ப்ளேயோ இல்லை என்றால் அது மின்சாரப் பக்கத்து விவகாரம்: யூ.எஸ்.பி. போர்ட்டில் ஷார்ட், அல்லது வெளிச் சாதனத்திலிருந்து 5 வோல்ட் பின்வாசல் வழியாக போர்டுக்குள் ஏறுவது. விண்டோஸின் சுழலும் புள்ளிகள் வந்து அங்கே நின்றால் டிரைவர், பிரிண்ட் வேலைகளை வரிசையில் வைக்கும் ஸ்பூலர் என்று மென்பொருள் பக்கம் தேட வேண்டும். லோகோவுக்கும் அந்தப் புள்ளிகளுக்கும் நடுவில் நின்றால், எந்த டிஸ்க்கிலிருந்து எழுவது என்று பயாஸ் தேடிக்கொண்டிருக்கும் கட்டம். இதில் விண்டோஸ் இன்னும் அரங்கத்துக்கே வரவில்லை. அதைப் புதிதாகப் போட்டுப் பயனில்லை.

இங்கே ஒரு சின்ன பீப் கேட்டது, லோகோ வந்தது, பிறகு கறுப்பு. உற்றுப் பார்த்தால் முழுக் கறுப்பு இல்லை: மேல் இடது மூலையில் ஒரு சிறு கோடு சிமிட்டிக்கொண்டிருந்தது. பகல் வெளிச்சத்தில், தூசி படிந்த மானிட்டரில் அது கண்ணில் படாமல் போனதில் வியப்பில்லை. ஏதோ ஒரு டிஸ்க்கின் முதல் செக்டாரை (512 பைட் கொண்ட முதல் துண்டு) படித்து, அதற்குக் கட்டுப்பாட்டைக் கொடுத்துவிட்டு பயாஸ் ஒதுங்கிக்கொண்டது என்பதற்கு அந்தக் கோடு நல்ல அடையாளம்.

அடுத்து பயாஸில் முழுத்திரை லோகோவை அணைத்தோம். லோகோ ஓர் அலங்காரத் திரைச்சீலை. அதற்குப் பின்னால்தான் உருப்படியான தகவல் ஓடும். இம்முறை எழுத்துகள் தெரிந்தன. யூ.எஸ்.பி. சாதனங்கள் என்ற வரியில் 1 டிரைவ், 1 கீபோர்டு, 1 மவுஸ், 2 ஹப் என்றிருந்தது. பென்டிரைவ் எதுவும் மாட்டவில்லை. பிரிண்டர் ஒயரைப் பிடுங்கிப் பார்த்தபோது அந்த 'டிரைவ்' பட்டியலிலிருந்து மறைந்தது.

சோதனைகள்

பிரிண்டரின் கார்டு இடுக்கில் 8 ஜிபி எஸ்டி கார்டு ஒன்று இருந்தது. ஏதோ ஒரு விசேஷத்துப் படங்களை நேரடியாக பிரிண்ட் போடச் சொருகி, அப்படியே விட்டுப்போனது. கார்டு முழுக்க உள்ளே போய்விடுவதால் வெளியிலிருந்து பார்த்தால் ஒரு மெல்லிய நீல விளிம்பு மட்டுமே தெரியும். தொல்லை தொடங்கியதும் ஏறக்குறைய அந்த விசேஷத்துக்குப் பிறகுதான் என்று மகள் கணக்குப் பார்த்துச் சொன்னார்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்த்தோம். ஒயர் மாட்டி, பிரிண்டரைப் பட்டனில் அணைத்தால்: எழுகிறது. பிரிண்டர் ஆன் ஆகி, விளக்கு சிமிட்டாமல் நிலைத்த பிறகு கம்ப்யூட்டரை அழுத்தினால்: கோடு. கார்டை உருவிவிட்டு அதையே செய்தால்: இரண்டு மூன்று நொடி தாமதம், ஆனால் எழுகிறது. கடைசியாக பிரிண்டரையே ஒதுக்கிவிட்டு, அதே கார்டைச் சாதாரண யூ.எஸ்.பி. கார்டு ரீடரில் போட்டு மாட்டினோம்: அதே கோடு. பிரிண்டர் மீது இருந்த பழி இந்த ஒரு சோதனையில் நீங்கியது.

'சில நாள் மட்டும் எழுகிறது' என்ற புதிருக்கும் விடை இங்கேயே கிடைத்தது. சுவிட்சைப் போட்ட பிறகு இந்த பிரிண்டர் தன் ஹெட்டை அசைத்து, சுத்தம் செய்து, யூ.எஸ்.பி.யில் தலைகாட்ட அரை நிமிடம் போல ஆகிறது. சுவிட்சைப் போட்ட கையோடு கம்ப்யூட்டரை அழுத்தினால், பிரிண்டர் தயாராவதற்குள் பயாஸ் எஸ்.எஸ்.டி.யைக் கண்டுபிடித்துப் போய்விடும். சுவிட்சைப் போட்டுவிட்டு அடுப்படி வரை போய்க் காபியோடு வந்து அழுத்தினால் மாட்டிக்கொள்ளும்.

வெறும் இடுக்கு ஏன் நிறுத்தவில்லை, கார்டு இருந்த இடுக்கு ஏன் நிறுத்தியது

லெகசி முறையில் பயாஸ் ஒரு டிஸ்க்கை எழுப்பத் தகுந்ததா என்று பார்க்கும் விதம் மிக எளிமையானது. முதல் 512 பைட்டைப் படிக்கும். அதன் கடைசி இரண்டு பைட் 55 ஏஏ என்றிருந்தால் சரி என்று எடுத்துக்கொண்டு அந்தச் செக்டாரின் தொடக்கத்துக்குத் தாவிவிடும். கேமராவில் ஃபார்மேட் செய்த கார்டில் பார்ட்டிஷன் அட்டவணை (கார்டு எப்படிப் பிரிக்கப்பட்டுள்ளது என்ற குறிப்பு) இருக்கும், அதனால் 55 ஏஏ-வும் இருக்கும். ஆனால் அதற்கு முன்னால் எழுப்பும் நிரல் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் பூஜ்யங்கள்தாம். பிராசஸர் அந்தப் பூஜ்யங்களையே கட்டளையாக எண்ணி ஓடி, எங்கோ போய்ச் சிக்கிக்கொள்ளும். பிழைச் செய்தி தர அங்கே எந்த நிரலும் இல்லை, ஆகவே திரையில் கோடு மட்டும். இந்தக் கார்டை வேறு கணினியில், பைட்டுகளை அப்படியே காட்டும் ஹெக்ஸ் வியூவரில் திறந்தபோது முதல் செக்டார் அப்படியே இருந்தது: மேலே வரிசை வரிசையாகப் பூஜ்யம், அடியில் ஒரு பார்ட்டிஷன் பதிவு, முடிவில் 55 ஏஏ. கார்டு இல்லாத வெறும் இடுக்கு என்றால் 'மீடியா இல்லை' என்ற பதில் வரும். பயாஸ் சற்றுத் திணறிவிட்டு அடுத்த டிஸ்க்குக்குப் போய்விடும். இரண்டு மூன்று நொடித் தாமதம் அதனால்தான்.

பயாஸில் செய்த மாற்றம் ஏன் நிலைக்கவில்லை

எழும் வரிசையில் எஸ்.எஸ்.டி.யை மேலே கொண்டுவந்தால் வேலை முடிந்தது என்று தோன்றும். முதலில் வந்தவர் செய்ததும் அதுதான். அவர் திசை சரி. நாங்களும் செய்தோம், கார்டோடும் பிரிண்டரோடும் எழுந்தது. பிறகு எக்ஸ்டென்ஷன் பாக்ஸை அணைத்து, பவர் பட்டனை ஒருமுறை அழுத்தி மிச்ச மின்சாரத்தை வடித்து, ஐந்து நிமிடம் விட்டு ஆன் செய்தோம். திரையில் செக்சம் பிழை (சேமித்த அமைப்பு கெட்டுவிட்டது என்று பொருள்), தேதி நேரம் அமைக்கப்படவில்லை, எஃப் 1 அழுத்தினால் அமைப்புக்குப் போகலாம், எஃப் 2 அழுத்தினால் தொடக்க மதிப்புகளை ஏற்றித் தொடரலாம் என்று செய்தி வந்தது. ஆசிரியர் பின்னாலிருந்து கையை நீட்டி இயல்பாக எஃப் 2-வைத் தட்டினார்.

"இது தினமும் கேட்கிறதுதானே சார், எஃப் 2 போட்டா போயிரும்."

புகாரில் இது இடம்பெறவே இல்லை, ஏனென்றால் வீட்டாருக்கு இது கோளாறாகத் தெரியவில்லை. ஒவ்வொரு காலையும் அந்த எஃப் 2, முந்தின நாள் அமைப்பைத் துடைத்துவிட்டு தொழிற்சாலை அமைப்பை ஏற்றியது. இந்த போர்டின் தொழிற்சாலை வரிசையில் யூ.எஸ்.பி.தான் முதலிடம்.

கடிகாரத்தையும் பயாஸ் அமைப்பையும் காக்கும் சிமாஸ் பேட்டரியை (சிஆர்2032 என்ற வட்ட பேட்டரி) கழற்றி அளந்தோம்: 1.9 வோல்ட். சிஆர்2032 புதிதில் 3 வோல்ட்டுக்குச் சற்று மேலே காட்டும், 2.7-க்குக் கீழே போனால் மாற்றிவிடுவது நல்லது. மெயின் ஆனில் இருக்கும்வரை எஸ்.எம்.பி.எஸ். தரும் ஸ்டாண்ட்பை மின்சாரமே கடிகாரத்தையும் அமைப்பையும் காப்பாற்றும், பேட்டரிக்கு வேலை இல்லை. தினமும் இரவு மெயினை அணைக்கும் வீட்டில் பேட்டரி ஒவ்வோர் இரவும் உழைக்கிறது. சான்று தேவையென்றால் ஸ்கேன் ஃபோல்டரில் கிடைத்தது: அண்மையில் எடுத்த ஸ்கேன்களில் பல 2012 ஜனவரி 1 என்ற தேதியைச் சுமந்திருந்தன. பிரவுசர் 'கடிகாரம் பின்தங்கியுள்ளது' என்று முரண்டு பிடித்தால் மட்டும் மகள் தேதியைக் கையால் சரிசெய்து வந்திருக்கிறார். விண்டோஸ் தானாகத் திருத்தாதா என்றால், வீட்டுக் கணினியில் வித்தியாசம் 15 மணி நேரத்தைத் தாண்டினால் அதன் நேரச் சேவை வழக்கமாகக் கைவைக்காது.

வழியில் தென்பட்ட இன்னொன்று: எர்த்

ஒயரைப் பிடுங்கும்போது விரல் சுருக்கென்கிறது என்று ஆசிரியர் மனைவி சொன்னார். டெஸ்டரை கேபினெட்டில் வைத்தால் மங்கலாக எரிந்தது. சுவர் சாக்கெட்டில் ஃபேஸுக்கும் எர்த்துக்கும் 229 வோல்ட், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் 2 வோல்ட்டுக்குள். சுவரில் குறையில்லை. கேபினெட் பாடிக்கும் சுவர் எர்த்துக்கும் நடுவே 108 வோல்ட் காட்டியது. எக்ஸ்டென்ஷன் பாக்ஸைத் திறந்தால் மூன்று பின் சாக்கெட்டுகள், மூன்று பின் பிளக், நடுவில் இரண்டு கோர் ஒயர். எர்த் பின் வெறும் பொம்மை.

எஸ்.எம்.பி.எஸ். உள்ளே ஃபேஸிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் பாடிக்கு ஒவ்வொரு சிறு கெபாசிட்டர் உண்டு, மின்னிரைச்சலை எர்த்துக்கு வடிக்க. எர்த் இல்லாவிட்டால் அவை இரண்டும் மின்னழுத்தத்தைப் பாதியாகப் பங்கிட்டு, பாடியில் 115 வோல்ட்டை ஒட்டி நிறுத்திவிடும். ஒரு மில்லி ஆம்பியருக்கும் குறைவான கசிவுதான், ஆனால் ஈரக்கையில் உறைக்கும், யூ.எஸ்.பி. ஒயரைச் சொருகும்போது அந்தக் கசிவு முழுவதும் ஒயரின் உறை வழியாகவே சமன்படப் பார்க்கும். போர்ட்டும் பிரிண்டர் போர்டும் கெடுவதற்கு இது வழி. கம்ப்யூட்டர் எழாததற்கு இது காரணம் இல்லை. அதற்காக விட்டுவிட முடியுமா? தினமும் ஒயரைப் பிடுங்கும் வீட்டில் இது பெரிய அபாயம்.

பின்வாசல் மின்சாரத்தையும் ஒரு கை பார்த்தோம். கம்ப்யூட்டர் பக்க மெயின் ஒயரைக் கழற்றி, பிரிண்டரை ஆனில் வைத்து, யூ.எஸ்.பி. டெஸ்டரை ஒயரின் நுனியில் மாட்டினால் டெஸ்டர் எழவே இல்லை; மல்டிமீட்டரில் பூஜ்யத்தை ஒட்டிய அளவு. அது இல்லை என்று முடிவானது. கம்ப்யூட்டரின் மெயினைப் பிடுங்கிய பிறகும் கீபோர்டு விளக்கு எரிகிறது, ஃபேன் ஒருமுறை துடிக்கிறது என்றால் மட்டும் அதைச் சந்தேகிக்கலாம். பெரும்பாலும் தனி அடாப்டர் உள்ள மலிவு ஹப்கள்தாம் அதில் குற்றவாளி.

எடுத்த முடிவுகள்

பேட்டரியை முதலில் மாற்றினோம். அதற்கு முன் பயாஸில் எதைத் திருத்தினாலும் மறுநாள் காலை போய்விடும் என்பதால் இந்த வரிசை முக்கியம். எஸ்.எம்.பி.எஸ். ஒயரைக் கழற்றி, பவர் பட்டனை அழுத்தி வடித்த பிறகே பேட்டரியில் கை. ஹோல்டரின் பக்கவாட்டுக் கொக்கியைத் தள்ளினால் பேட்டரி மேலே எம்பும். ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் கொக்கி முறியும். கூட்டல் குறி மேலே பார்க்க வேண்டும்.

பிறகு பயாஸ். இங்கேதான் பலர் பாதியில் நின்றுவிடுகிறார்கள். இந்த வகை அமைப்பில் 'பூட் ஆப்ஷன் 1: ஹார்டு டிஸ்க்' என்று வைத்தால் போதாது. யூ.எஸ்.பி. கார்டு ரீடரையும் பயாஸ் ஒரு ஹார்டு டிஸ்க்காகவே பாவனை செய்கிறது; 530 எம்பிக்குக் குறைந்ததை மட்டுமே ஃபிளாப்பியாக எடுத்துக்கொள்ளும். ஆகவே 'ஹார்டு டிரைவ் பிபிஎஸ் பிரையாரிட்டீஸ்' என்ற உள்பட்டியலில் எஸ்.எஸ்.டி.யும் கார்டு ரீடரும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். பிரிண்டரை ஆனில் வைத்து, கார்டையும் சொருகிய நிலையில் அந்தப் பட்டியலைத் திறந்து, எஸ்.எஸ்.டி.யை முதலாவதாக்கி, கார்டு ரீடரை 'டிசேபிள்டு' ஆக்கினோம். மாட்டாமல் திறந்தால் ரீடர் பட்டியலிலேயே தெரியாது; பிற்பாடு மாட்டும்போது தானாக மேலே ஏறிக்கொள்ளவும் கூடும்.

'லெகசி யூ.எஸ்.பி. சப்போர்ட்' என்பதைத் தொடவில்லை. அதை அணைத்தாலும் இந்தக் கோளாறு தீரும், ஆனால் கூடவே யூ.எஸ்.பி. கீபோர்டும் விண்டோஸ் வரும்வரை செத்துவிடலாம். அப்புறம் பயாஸுக்குள் நுழையவே பிஎஸ்2 கீபோர்டு தேட வேண்டியிருக்கும். பயாஸ் அப்டேட் என்ற யோசனையையும் தள்ளினோம். திடீர் மின்வெட்டு உள்ள ஊரில், பேக்கப் நம்பிக்கையில்லாத யூ.பி.எஸ்.ஸோடு, பயாஸ் நிரலை மாற்றி எழுதும் தேவையில்லாத ஃபிளாஷ் வேலை எதற்கு?

எக்ஸ்டென்ஷன் பாக்ஸுக்கு 1.5 சதுர மில்லிமீட்டர் மூன்று கோர் ஒயர் போடப்பட்டது. அதன் பிறகு பாடிக்கும் எர்த்துக்கும் இடையே ஒரு வோல்ட்டுக்கும் கீழே. கார்டிலிருந்த படங்களை நகலெடுத்துக் கொடுத்துவிட்டுக் கார்டு வெளியே.

பிறகு நடந்தது

அன்றிரவு மெயினை வழக்கம்போல அணைக்கச் சொன்னோம். சோதனைக்காகக் கார்டை வேண்டுமென்றே மறுபடி சொருகி வைத்திருந்தோம். காலையில் பிரிண்டர் முழுக்கத் தயாரான பிறகு பவர் பட்டன். எஃப் 2 கேள்வி இல்லை, நேராக விண்டோஸ். தேதியும் சரி. ஒரு மாதம் கழித்துக் கேட்டபோதும் அப்படியே ஓடிக்கொண்டிருந்தது.

ஒரு உபதொல்லை மிச்சமிருந்தது: 'பிரிண்டர் ஆஃப்லைன்'. தினமும் ஒயரைப் பிடுங்கி, கைக்குக் கிடைத்த போர்ட்டில் மாட்டியதால் விண்டோஸ் ஒவ்வொரு போர்ட்டுக்கும் ஒரு நகலை உருவாக்கி வைத்திருந்தது, யூ.எஸ்.பி.யில் சீரியல் எண் சொல்லாத பிரிண்டர்களில் இது சகஜம். பெயருக்குப் பின்னால் 'காப்பி 1', 'காப்பி 2' என்றிருந்தவற்றை நீக்கி, ஒரே போர்ட்டில் மாட்டி, அந்தப் போர்ட்டுக்கு மேல் சிவப்பு டேப் ஒட்டினோம். பிரிண்டரை இனி பட்டனில் அணைத்துவிட்டே சுவிட்சை அணைக்கச் சொன்னோம். நேராக மெயினை வெட்டினால் ஹெட் தன் மூடியில் போய் உட்காராமல் போகலாம், மை காய்ந்துவிடலாம்.

திரும்பாதது ஒன்று. முதல் ஃபார்மேட்டில் டெஸ்க்டாப்பில் இருந்த ஸ்கேன்கள் போய்விட்டன. பழைய ஹார்டு டிஸ்க்காக இருந்தால் மீட்க ஓரளவு வழி உண்டு. எஸ்.எஸ்.டி.யில் விண்டோஸ் ஃபார்மேட் செய்யும்போதே, பழைய தரவு இனி தேவையில்லை என்று சொல்லும் டிரிம் கட்டளை போய்விடுவதால் அந்த இடங்கள் வெறுமையாகிவிடும். வாட்ஸ்அப்பில் அனுப்பியவை மட்டும் திரும்பக் கிடைத்தன.

இதே புகார் மறுபடி வந்தால்

கேள்வியை 'என்ன கோளாறு' என்று தொடங்காமல், சுவிட்சைப் போடுவதிலிருந்து விண்டோஸ் வரை எதையெல்லாம் அழுத்துகிறீர்கள் என்று செய்து காட்டச் சொல்வோம். எஃப் 2 அப்போதே வெளிப்பட்டிருக்கும். கடைக்கு எடுத்துப்போவதாக இருந்தால் பிரிண்டர், ஒயர், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் எல்லாம் சேர்ந்து போக வேண்டும். பிரிண்டருக்குப் பதில் ஒரு கார்டு ரீடர் அல்லது பென்டிரைவை மாட்டிப் பார்க்கும் சோதனைக்கு இரண்டு நிமிடம் ஆகாது. எதையும் கழற்றுமுன் அதைச் செய்துவிடலாம். நான்கைந்து வருடம் தாண்டிய போர்டு என்றால் பேட்டரியை அளக்காமல் பயாஸில் கை வைப்பதில் அர்த்தமில்லை. புதுப் பேட்டரி சொற்பச் செலவுதான். லெகசிக்குப் பின் வந்த யூ.இ.எஃப்.ஐ. என்ற எழுப்பும் முறையில் விண்டோஸ் நிறுவிய புதிய கணினிகளில் கேமரா கார்டு இப்படி மாட்டிவிடுவது அரிது, அங்கே எழுப்பும் கோப்பு இருக்கிறதா என்று பார்த்த பிறகே தாவும்.

கார்டு ரீடரை எழும் வரிசையில் முடக்கியிருப்பது, பேட்டரி மாற்றிய மாதம், இரண்டையும் ஒரு தாளில் எழுதி கேபினெட் பக்கவாட்டு மூடியின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறது. அடுத்து யாராவது பென்டிரைவில் விண்டோஸ் போட வந்து, பென்டிரைவ் தானாக எழவில்லையே என்று திகைத்தால், இந்த போர்டில் ஆன் செய்தவுடன் எஃப் 11 அழுத்தி பூட் மெனுவில் தேர்ந்தெடுக்கலாம் என்பதும் அதே தாளில் இருக்கிறது.